சிக்கெடுத்த கதை

எங்கள் வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதைவிட, அது வாழும் வீட்டில் நாங்கள் நாலு பேர் ஒண்டுக் குடித்தனம் செய்கிறோம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கூடத்து ஜன்னலோரத்தில், வெளிச்சம் நன்றாக விழும் இடமாகப் பார்த்து அது பிடித்துக்கொண்டுவிட்டது. கறுப்பு உடம்பு, அதில் பொன்னெழுத்து, காலால் மிதிக்கும் இரும்புச் சட்டம். என்னைவிட அதற்கு ஒரு வயது கூட. அம்மாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை என்று நான் சொல்வதுண்டு. அம்மா மறுத்ததில்லை.

அந்த மூத்த பிள்ளைக்குச் சொத்து ஒரு பிஸ்கோத்து டப்பா. தையல் தெரிந்தவர்கள் வீட்டில் பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து, உள்ளே பிஸ்கோத்தைக் கண்டவர்கள் யாரேனும் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடலாம். நான் கண்டதெல்லாம் நூல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றுவிட்டது. வெள்ளை நூல் தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். வெள்ளை நூலின் ஒரு நுனி கண்ணில் பட்டது. மெதுவாக இழுத்தேன். கூடவே சிவப்பு வந்தது. சிவப்பின் பின்னால் பச்சை வந்தது. பச்சையைப் பிடித்துக்கொண்டு நாலு பாபின்கள், ஒரு சாக்பீஸ், ஒரு கொக்கி அட்டை எல்லாம் ஊர்வலமாக வெளியே வந்தன. வெள்ளை மட்டும் வரவில்லை.

"என்னங்க, இதற்கென்று அழகான பெட்டி விற்கிறது, பாருங்கள்" என்று என் மனைவி செல்பேசியை நீட்டினாள். கண்ணாடி போன்ற பெட்டி. ஒவ்வொரு பாபினுக்கும் ஒவ்வொரு குழி. விலை ரூ. 1,350.

"பெட்டிக்குள் வைக்கப் போகிற நூலின் மொத்த விலை எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன்.

"முந்நூறு ரூபாய்க்கு மேல் இராது."

முந்நூறு ரூபாய்ப் பிள்ளைக்கு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்த் தொட்டிலா? "நானே செய்கிறேன்" என்று ஜம்பமாகச் சொன்னேன். கல்லூரியில் படித்தவன், பத்திரிகைக் காரியாலயத்தில் பிறர் எழுதிய பக்கங்களைப் பத்தி பிரித்துச் சீர்செய்கிறவன். நூலைச் சீர்செய்ய முடியாதா?

கூடத்தில் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். சிக்கெடுத்து முடிக்க மாலை ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் 47 பாபின்கள்!

தையலைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயந்திரத் தையலுக்கு நூல் இரண்டு. மேலே ரீலிலிருந்து வருவது ஒன்று. துணிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், பாபினில் சுற்றியிருப்பது மற்றொன்று. ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டு போகிறது. அங்கே காத்திருக்கும் கொக்கி அந்த நூலின் வளையத்தைப் பிடித்துப் பாபினைச் சுற்றிப் போட்டுவிடுகிறது. இரண்டும் கைகோத்துக்கொள்ளும் இடந்தான் ஒரு தையல். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்ற தத்துவம் இது, இன்றுவரை மாறவில்லை. அடியில் இருப்பவர் சரியில்லாவிட்டால் மேலே இருப்பவர் என்ன திறமை காட்டினாலும் தையல் நிற்காது. காரியாலயத்தில் பணிபுரியும் எனக்கு இது எளிதில் புரிந்தது.

பாபின்களைப் பிரித்தேன். துருப்பிடித்தவையும் விளிம்பு நசுங்கியவையும் 11. பட்டினத்துக் கடற்காற்றில் இரும்பு பாபின் சீக்கிரம் துருவேறிவிடுகிறது. துரு நூலில் கறையாக இறங்கி, அங்கிருந்து ரவிக்கையில் ஏறும். பிளாஸ்டிக் பாபின்கள் 8. அவை என் மனைவி கல்யாணத்தின்போது கொண்டுவந்த மின்சார இயந்திரத்துக்கு உரியவை. பார்த்தால் இரும்புப் பாபினுக்கு உடன்பிறப்பு மாதிரிதான் இருக்கின்றன. உயரத்தில் மட்டும் மயிரிழை வித்தியாசம். ஒன்றை எடுத்துக் கறுப்பு இயந்திரத்தில் போட்டு மிதித்துப் பார்த்தேன். பத்தாவது தையலில் நூல் பந்தாகச் சுருண்டு இயந்திரம் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அம்மாவுக்கு வரவில்லை.

மிச்சம் 28 பாபின்கள். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு நிறத்தின் தலையில் இன்னொரு நிறம் சுற்றியவை. ஏன் இப்படி? தெருமுனையில், மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் தையற்கார பாயிடம் போய்க் கேட்டேன்.

"ரவிக்கைக்கு ரவிக்கை நிறம் மாறுது தம்பி. புது நிறம் வந்தால் ஒரு பாபின் நிறையச் சுற்றுகிறோம். ரவிக்கை முடிகிறபோது கால்வாசிதான் செலவாகியிருக்கும். முக்கால்வாசி நூலோடு அந்தப் பாபின் சும்மா கிடக்கும். அடுத்த ரவிக்கைக்குக் காலிப் பாபின் இல்லை. இருப்பதன் மேலேயே சுற்றிவிடுகிறோம். தப்பு அங்கேதான்" என்றார்.

பிறகு கணக்கும் சொல்லிக் கொடுத்தார். ஒரு மீட்டர் தையலுக்கு மேல்நூலும் கீழ்நூலும் சேர்ந்து சுமார் இரண்டரை மீட்டர் செலவாகும். அதில் பாதிதான் பாபினுடையது. தைக்கப்போகும் நீளத்தைக் கணக்குப் பார்த்துச் சுற்றினால் மிச்சம் விழாது. விழுந்த மிச்சத்தைக் கொக்கி தைக்கவும் கையால் மடித்துத் தைக்கவும் எடுத்துத் தீர்த்துவிடவேண்டும். வெளியே தெரியாத உள்தையலுக்குச் சாம்பல் நிறக் கீழ்நூல் ஒன்றே பல நிறத்துக்கும் ஒத்துப்போகும். பழைய நூலை ஒரு முழம் எடுத்துச் சுண்டி இழுக்கவேண்டும். முரண்டு பிடிக்காமல் அறுந்தால் அது இற்றுப்போன நூல், இயந்திரத்தில் ஏற்றக்கூடாது.

அவர் கடையில் ரீல் வைக்கப் பெட்டியே கிடையாது. ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. ஆணிகள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தன. ரீல் வழுக்கி விழாமல் இருக்கும் ரகசியம் அந்தச் சாய்வில் இருந்தது.

வீட்டுக்கு வந்து வேலையில் இறங்கினேன். ரீல்களுக்கு ஆணிப் பலகை தயாராயிற்று. பாபின்களுக்கு, குளிர்பெட்டியில் ஐஸ் பிடிக்கும் பழைய தட்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டேன். குழிக்கு ஒரு பாபின். வானவில் வரிசையில் அடுக்கினேன். குழி ஒவ்வொன்றுக்கும் காரியாலயத்து இயந்திரத்தில் பொடி எழுத்தில் பெயர் அச்சிட்டு ஒட்டினேன். நூல் நுனி அவிழாதிருக்க, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயின் கிழிந்த முனையை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வளையங்களாக நறுக்கி, ஒரு பக்கம் கீறி, பாபின் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி மாட்டினேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்குக்கூட அனுப்பினேன்.

"நல்லா இருக்குலே" என்றாள் அம்மா.

அந்தக் குரலில் ஏதோ குறைந்தது. அப்போது நான் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் போயிற்று. தட்டில் ஒரு பாபின்கூட இடம் மாறவில்லை. ஒழுங்கு குலையவே இல்லை என்று எனக்குப் பெருமை. அப்புறந்தான் உறைத்தது: எடுத்தால் அல்லவா குலையும்? அம்மா தைக்கவே இல்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் ரவிக்கைத் துணியைக்கூட, "கை வலிக்கு தாயீ" என்று சொல்லித் திருப்பிக் கொண்டிருந்தாள்.

ஒரு நாள் இரவு காரியாலயத்திலிருந்து திரும்பத் தாமதமாகிவிட்டது. கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் குழல்விளக்கின் கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் இரண்டு பாபின். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தாள். பிறகு தூங்காமல் விழித்திருந்த என் ஆறு வயதுப் பெண்ணிடம் நீட்டி மெல்லிய குரலில் கேட்டாள்: "இது கறுப்பாடீ, நீலமா?"

"இது நீலம் ஆச்சி. அது கறுப்பு."

அம்மா தன் இடுப்பிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். கூலி!

மறுநாள் குழந்தையைத் தனியாக விசாரித்தேன். பல மாதமாக நடக்கும் வியாபாரம் அது. "அப்பாகிட்டே சொல்லக்கூடாது" என்பது ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து. அதற்கும் முன்னால் நடந்ததை என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாடி வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குக் கருநீலப் பட்டு ரவிக்கை ஒன்றை அம்மா தைத்துக் கொடுத்தாளாம். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் தையல் முழுவதும் கறுப்பு நூல். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே அம்மா புரிந்துகொண்டாள். ராத்திரி முழுவதும் உட்கார்ந்து பிரித்தாள். பட்டு ஊசி ஓட்டை விட்டுவிட்டது. வேறு துணி வாங்கி, நீல நூலை மருமகளை எடுத்துக் கொடுக்கச் சொல்லித் தைத்துக் கொடுத்துவிட்டு, அன்றோடு "கை வலி" ஆரம்பித்தது.

என் அம்மாவுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. அவள் பிறந்தது விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்தில் தாமிரபரணி விழும் வேகத்தை நம்பி ஹார்வி துரைமார்கள் பஞ்சாலை வைத்த ஊர். மதுரா மில்ஸ் என்று பேர் பெற்று, 1974-இல் கோட்ஸ் நூல் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆன ஆலை. ஆலைச் சங்கை வைத்து உலை ஏற்றிய வீடுகள் அங்கே உண்டு. என் தகப்பனார் அந்த ஆலையில் வேலை பார்த்தார். 2001-இல் அவர் காலமானபோது எனக்கு 12 வயது. ரவிக்கைக்குக் கூலி 15 ரூபாய் வாங்கிய காலம் அது. என் பள்ளிக்கூடச் சம்பளம், பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதிச் செலவு எல்லாம் அந்தக் கறுப்பு இயந்திரத்தின் ஊசிக்குக் கீழேதான் நகர்ந்து வந்தன. நூலூரில் பிறந்து, நூலாலை ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டு, நூலைக்கொண்டு பிள்ளையைப் படிக்கவைத்தவளுக்கு, எது கறுப்பு எது நீலம் என்று தெரியவில்லை. அதை வாய் திறந்து சொல்லவும் மனம் இல்லை. அவளுக்காக நான் செய்துவைத்தது என்ன? பொடி எழுத்தில் பெயர் ஒட்டிய ஐஸ் தட்டு!

இதை யோசித்தபடி அடுக்களை வாசலில் நின்றேன். மின்சாரம் போயிருந்தது. அடுப்பு வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அம்மா சாம்பாருக்குத் தாளித்துக் கொண்டிருந்தாள். கை அஞ்சறைப் பெட்டிக்குப் போயிற்று. கடுகு வெடித்தது. மறுபடி போயிற்று. உளுத்தம்பருப்பு. மறுபடி. வெந்தயம். பெட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. கடுகுக்குப் பதில் மிளகு விழவில்லை.

கடுகும் கறுப்பு, மிளகும் கறுப்பு. அதில் தவறாத கை, நூலில் ஏன் தவறுகிறது? ஒன்றில் இருக்கும் இடம் கைக்குத் தெரியும், மற்றதில் தெரியாது. அவ்வளவுதான். என் வானவில் வரிசை பார்க்கிறவனுக்காகச் செய்தது, தேடுகிறவளுக்காக அல்ல.

பரண்மேல் ஏறினேன். பழைய எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி ஒன்று மூடி தொலைந்து அங்கே கிடந்தது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்தது. அஞ்சறை என்று பெயரே தவிர அறை ஏழு. ஏழு கிண்ணம்; 28 பாபின். கிண்ணத்துக்கு நாலு!

"அம்மா, நூலுக்கு ஒரு சமையல் செய்யவேண்டும். எந்தக் கிண்ணத்தில் எது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"கடுகு இருக்கிற இடத்திலே கறுப்பை வை. உளுந்திலே வெள்ளை. மஞ்சள்பொடியிலே மஞ்சளும் ஆரஞ்சும். சீரகத்திலே சந்தனம், பழுப்பு. கடலைப்பருப்பிலே சிவப்பு. வெந்தயத்திலே பச்சை. மிளகிலே நீலம்."

"கறுப்பும் நீலமும்?"

"கடுகுக்கு நேர் எதிரேதாம்லே மிளகு. அடுத்தடுத்து வச்சால் கை ஏமாந்துபோகும்."

சமையலறையில் முப்பத்தைந்து வருஷமாக அவள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம்: பெட்டி வட்டமாயிற்றே, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கைக்கு எப்படித் தெரியும்? அம்மா என் கட்டைவிரலைப் பிடித்துப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் தட்டுப்பட்டன. என் தகப்பனார் பெயர். "இது என்னைப் பார்த்து இருக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

மற்றவை எல்லாம் சில்லறை வேலை. ஆணிப் பலகையை வெயில் படாத சுவருக்கு மாற்றினேன். வெயிலில் நூல் வெளுப்பதோடு இற்றும் போகும். தூசி அடையாமல் பழைய புடைவைத் துண்டு ஒன்று திரை ஆயிற்று. ரீல் வரிசையும் கிண்ணத்து வரிசையும் ஒன்றே. நீல ரீல்களின் தலையில் மட்டும் ஒரு ரப்பர் வளையம், தொட்டால் தெரியும். மூடிக்குப் பதில் ஒரு தட்டு. ஈரம் உறிஞ்சுவதற்குச் செருப்புப் பெட்டியில் வந்த சிறு உப்புப் பொட்டலம். கிண்ணத்தில் நாலு பாபினுக்கு மேல் கூடாது என்று ஒரு சட்டம். ஐந்தாவது வரவேண்டுமானால் இருப்பதில் ஒன்று கொக்கித் தையலுக்குப் போய்க் காலியாகி வரவேண்டும்.

செலவு: ஆணி ரூ. 20, இயந்திர எண்ணெய் ரூ. 30, காலியாக வைத்துக்கொள்ளப் புது இரும்பு பாபின் ஆறு, ரூ. 60. ஆக மொத்தம் ரூ. 110. மிச்சம் ரூ. 1,240 என்று என் மனைவியிடம் கணக்கு ஒப்பித்தேன். "அந்த மிச்சம் எங்கே?" என்று கேட்டுவிட்டாள். எழுத்தாளனிடம் கேட்கக்கூடாத கேள்வி.

மறுநாள் பிற்பகலில் காரியாலயத்திலிருந்து செல்பேசியில் வீட்டைக் கூப்பிட்டேன். பேச்சுக்கு நடுவே பின்னால் ஒரு சத்தம்: டக டக டக டக. நான் வேறொன்றும் கேட்கவில்லை.

ஆனால் கிண்ணம் கண்ணுக்கு மருந்தாகிவிடுமா? அந்த வாரமே அம்மாவை எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அந்தப் பழைய கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்புரை என்றார் டாக்டர். புரை விழுந்த கண்ணில் லென்ஸ் மங்குவதோடு மஞ்சளும் படிகிறது. மஞ்சள் கண்ணாடி வழியே பார்ப்பது போல, முதலில் போவது நீலத்தின் நீலந்தான். கருநீலம் கறுப்போடு கறுப்பாகிவிடும். "உங்கள் தாயாருக்குக் கவனக் குறைவில்லை சார், லென்ஸ்தான் கோளாறு" என்றார். இதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. நிச்சயதார்த்த ரவிக்கையின் பாரம் இறங்கியிருக்கவேண்டும்.

முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த கண்ணோடு கூடத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பெட்டியைக் கொண்டாலே" என்றாள். கொண்டுபோய் மடியில் வைத்தேன். எழுத்து வெட்டிய பக்கம் அவளைப் பார்த்து இருந்தது.

ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கியது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏலே! இது அரக்கு. இது குங்குமச் சிவப்பு. இரண்டையும் ஒன்றாகச் சிவப்புன்னு போட்டிருக்கியே! இது கிளிப்பச்சை, இது பாசிப்பச்சை. இது எம். எஸ். நீலம்லே, இதைப் போய்க் கருநீலத்தோட படுக்க வச்சிருக்கே! இது மயில்கழுத்து. இது நீலத்திலும் சேராது, பச்சையிலும் சேராது. இவ்வளவு நாளும் உன் கண்ணை நம்பியா நான் தைச்சேன்? டாக்டர்கிட்டே உன்னையும் காட்டிட்டு வந்திருக்கலாமே!"

வெட்கத்தைச் சமாளித்துக்கொண்டு, "அப்படியானால் கிண்ணத்தைக் கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் நிறம் நிறமாகத் தட்டில் அடுக்கிவிடட்டுமா? இப்போதுதான் கண் தெரிகிறதே" என்றேன்.

அம்மா சட்டென்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கண் வந்திட்டுதுங்கிறதுக்காகக் கையைக் கெடுத்துக்கிடுவாளா ஒருத்தி? கிண்ணம் கிண்ணமாகவே இருக்கட்டும்" என்றவள், மயில்கழுத்துப் பாபினை எடுத்துச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீலமா, பச்சையா என்று யோசிக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் பார்த்தது என் பெண்ணின் பாவாடையை. அடியில் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, அந்த நிறந்தான்.

"இங்கே வாடீ" என்று பேத்தியைக் கூப்பிட்டாள்.

குழந்தை ஓடி வந்து கையை நீட்டிற்று. "ஆச்சி, கடலைமிட்டாய்?"

"நிறம் கேக்கலையே, எதுக்குக் கூலி?"

குழந்தையின் முகம் வாடியது. அம்மா ஒரு கணம் பார்த்தாள். பிறகு கை தானாக இடுப்புக்குப் போயிற்று.